இரண்டாவது திமில்

கோடு ஏறியது. உச்சிக்குப் போகும் முன்பே ஒருமுறை முதுகைத் தூக்கிக் காட்டிவிட்டு, லேசாக இறங்கி, மறுபடி ஏறியது. டீயை உதட்டருகே கொண்டுபோன சின்னவள் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அப்படியே நின்றாள்.

அது ஒரு களிம்புத் தொழிற்சாலையின் சோதனை அறை. ஒரு மேசை, ஒரு தராசு, ஓயாமல் முனகும் குளிரூட்டி, நடுவில் அந்தக் கருவி. எல்லாரும் அதை அடுப்பு என்றுதான் சொல்வார்கள். அது சமைப்பதோ ஒரு மிளகுக்கும் குறைவான அளவு. உள்ளே விரல்நுனி அகலம்கூட இல்லாத இரண்டு அலுமினியக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்றில் ஒரு துணுக்கு தேன்மெழுகு, இன்னொன்று காலி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சமமாகச் சூடாக்க வேண்டும். காலிக் கிண்ணம் சமர்த்தாகச் சூடேறும். மெழுகு இருக்கிற கிண்ணம் உருகுவதற்காகக் கொஞ்சம் அதிகச் சூட்டைக் குடிக்கும். எந்த டிகிரியில் எவ்வளவு குடித்தது என்பதைக் கருவி திரையில் கோடாக வரையும்.

சுத்தமான தேன்மெழுகென்றால் சோம்பலாக ஒரு சரிவு, அறுபதைத் தாண்டி ஒரே ஒரு மலை, பிறகு பள்ளம். மலிவான கொழுப்போ வேறு எதுவோ கலந்திருந்தால், கலந்தது தன்னுடைய நேரத்துக்குத்தான் உருகும். தேன்மெழுகு உருகும்வரை பொறுத்திருக்காது. அந்த அவசரம் கோட்டில் இன்னொரு மேடாக வந்து நிற்கும்.

சின்னவள் முதல் உருக்கலை எப்போதுமே கணக்கில் எடுக்க மாட்டாள். மெழுகு தான் எப்படி ஆறியது, எத்தனை நாள் கிடந்தது என்பதையெல்லாம் உள்ளே வைத்திருக்கும். ஒருமுறை உருக்கி, நிதானமாக ஆறவைத்து, திரும்ப உருக்கினால்தான் அது யார் என்று சொல்லும். இதை அவள் வீட்டில் சொல்லிச் சொல்லி, அக்காவுக்கு அது பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தால்கூட, "முதல் தடவை கணக்கில்ல" என்று துடைத்துவிட்டுப் போவாள்.

இப்போது திரையில் இருப்பது இரண்டாவது உருக்கல். கிண்ணத்தில் இருப்பது அக்கா வீட்டு மெழுகு.

டீயை வைத்துவிட்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். கிண்ணம் அழுக்காக இருந்திருக்கும் என்று நினைத்தாள். புதுக் கிண்ணம் எடுத்தாள். வேறொரு கட்டியின் அடியிலிருந்து சுரண்டினாள். மூடியை அவசரமாக அழுத்தியதில் ஒரு கிண்ணம் நசுங்கிப் போனது. இன்னொன்றைப் போட்டாள். உருக்கி, ஆறவைத்து, திரும்ப உருக்கினாள். அதே இரண்டு முதுகு. முதலாவது சின்னதுதான், ஆனால் இருக்கிறது.

போன வருஷம் ஒரு வியாபாரி கொண்டுவந்த மெழுகில் இப்படித்தான் வந்தது. அதில் இரண்டும் பெரிய திமில்கள். அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போனவள், "இன்னைக்கு அடுப்புல ஒட்டகம் வந்துச்சு" என்று சொல்லி, காற்றிலே விரலால் வரைந்து காட்டினாள். அவள் பேசுவதே அபூர்வம். அவள் நகைச்சுவை சொன்னதைக் கேட்டு அக்கா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அதற்கப்புறம் கலப்படம் செய்கிற எல்லாருக்கும் அந்த வீட்டில் ஒட்டகம் என்றே பெயர்.

மேலாளர் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு தலையை மட்டும் நீட்டினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் தேடுகிறவர். வேலையில் மட்டும் எதையும் தவறவிட மாட்டார். முடிவு வந்ததா என்று கேட்டார். அடுப்பைச் சுத்தம் செய்ய வேண்டும், நாளைக்குச் சொல்கிறேன் என்றாள் சின்னவள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

"உங்க அக்கா மெழுகுதானே? அதுக்கென்ன அவசரம். உலகமே கலந்தாலும் அது கலக்காது" என்றார் மேலாளர் அம்மா. கதவு மூடிக்கொண்டது.

அங்கே ஒரு விதி உண்டு. கலப்படம் என்று ஒருமுறை எழுதிவிட்டால், அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவார்கள். இந்தத் தொழிற்சாலை மட்டுமல்ல, மெழுகு வாங்குகிற மற்ற இடங்களுக்கும் சேதி போய்விடும். அக்காவும் அத்தானும் வேறு வேலையெல்லாம் விட்டுவிட்டுத் தேனீப் பெட்டிகளை நம்பி உட்கார்ந்தவர்கள். அது ஒரு பக்கம். சின்னவளின் நெஞ்சை அடைத்தது அது இல்லை. சின்ன வயதில் அவளுக்குப் எண்ணெய் தடவிச் சடை பின்னி, பரீட்சைக்கு முன்னால் திட்டித் தூங்கவைத்து, அம்மா போனபிறகு அம்மாவாகவே இருந்தவள் அக்கா. அந்தக் கை மெழுகில் கொழுப்பைக் கலக்குமா?

கலந்திருக்கிறது. கோடு சொல்கிறது. கோடு பொய் சொல்லாது என்று இத்தனை வருஷம் அவள்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்கு மேல் விடுப்புச் சொல்லிவிட்டுப் பேருந்தேறினாள்.

அக்கா வீட்டுக் கொல்லையில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. உடைந்த தேனடைகளைச் சாக்கில் கட்டி வெந்நீரில் அமுக்கி, மேலே மிதக்கிற மெழுகை அக்கா அகப்பையால் வாரிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. தங்கையைப் பார்த்ததும், "என்னடி, வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா, இந்த நேரத்துல?" என்றாள்.

சின்னவள் அண்டாவையே பார்த்தாள். பிறகு மெதுவாக, இதில் வேறு எதையாவது போடுவீர்களா என்று கேட்டாள். தண்ணீர் என்றாள் அக்கா. வேறே? நெருப்பு. வேறே?

அக்காவின் கை நின்றது.

"என்ன கேக்கிற நீ?"

"ஒட்டகம் வந்திருக்கு அக்கா."

அக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எந்தப் படுபாவியின் மெழுகில் என்று கேட்க வாயெடுத்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வாயிலேயே செத்துப்போனது. அகப்பையிலிருந்து மெழுகு சொட்டிச் சொட்டி அவள் காலில் விழுந்தது. சுட்டிருக்கும். அவள் காலை நகர்த்தவில்லை.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நான் கலந்தேன்னு சொல்றியா?"

சின்னவளால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு மூன்று தடவை உருக்கிப் பார்த்துவிட்டேன் என்றாள். கிண்ணத்தை மாற்றினேன் என்றாள். மேலாளர் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றாள். சொல்லச் சொல்ல அது குற்றப்பத்திரிகை போலவே இருந்தது. அக்கா அடுப்பை அணைத்தாள், அகப்பையை அண்டாவின் விளிம்பில் நேராக வைத்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சண்டைக்குப் பேர்போன அக்கா இப்படி அமைதியாக இருந்ததுதான் சின்னவளைப் பயமுறுத்தியது. அக்காவின் பார்வை தோட்டத்துப் பக்கம் போனது. அங்கே அத்தான் தலையில் வலையோடு பெட்டிகளுக்கு நடுவில் குனிந்திருந்தார்.

அத்தான் வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவர் எதையும் உடனே மறுக்கிற ஆள் இல்லை; மழை பெய்கிறது என்று சொன்னால்கூடக் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆமாம் என்பார். கொஞ்சநேரம் வலையைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார். பிறகு, வா, ஒன்று காட்டுகிறேன் என்று சின்னவளைக் கூட்டிப்போனார்.

ஒரு பெட்டியைத் திறந்து புகை காட்டி, ஒரு சட்டத்தைத் தூக்கினார். தேனீப் பெட்டிக்குள் மரச்சட்டங்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு மெல்லிய மெழுகுத் தாளைப் பொருத்தி வைப்பார்கள். தாளில் ஆறுமூலைக் குழிகள் அச்சாகப் பதிந்திருக்கும். தேனீக்கள் அந்த அச்சின்மேல் தங்கள் மெழுகால் சுவரெழுப்பி அடை கட்டும், ராணி அதில் முட்டையிடும். அத்தான் தூக்கிய சட்டத்தில் அடை பாதிதான் இருந்தது. வெயிலில் தொய்ந்த துணி போல நடுவில் இறங்கியிருந்தது. அறைகளுக்குள் வெள்ளையாக, பளபளப்பாக இருக்க வேண்டிய புழுக்கள் சாம்பல் நிறத்தில் சுருங்கிக் கிடந்தன. ஒரு அறை இல்லை, இரண்டு அறை இல்லை, கண்ணுக்கு எட்டிய அத்தனையும். தேனீக்கள் செத்ததை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தன.

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இந்தப் பருவம் முழுக்க இப்படித்தான் என்றார் அத்தான். ஏதோ நோய் என்று நினைத்தாராம். புழு செத்த அடைகளையெல்லாம் எடுத்து உருக்கிவிட்டார்கள். அந்த மெழுகுதான் தொழிற்சாலைக்கு வந்தது. வெளியில் சொன்னால் நம் தேனையும் யாரும் தொட மாட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டார்கள். தங்கையிடம்கூட அக்கா சொல்லவில்லை.

"ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல" என்றார் அவர். "பழைய அடையில இருக்கிற புழு நல்லாத்தான் இருக்கு. மூலையில தாள் இல்லாம அதுங்களே கட்டினதுலயும் நல்லா இருக்கு. புதுத் தாள் வச்ச இடத்துலதான் சாகுது. நோய்க்குத் தாள் பழசா புதுசான்னு எப்படித் தெரியும்?"

சின்னவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். தாள் எங்கே வாங்கினது என்று கேட்டாள். சந்தைக்குப் பின்னால் அச்சு உருளை வைத்து மெழுகுத் தாள் போடுகிறாரே, அந்தத் தகட்டுக்காரரிடம்தான், எல்லாரும் அவரிடம்தானே வாங்குகிறோம் என்றார். யாராவது அதைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று அவள் கேட்டதற்கு, தாளைப் போய் யார் சோதிப்பார்கள், நாம் விற்கிற மெழுகுக்குத்தானே சோதனை என்று விழித்தார்.

அவள் மீதியிருந்த புதுத் தாளிலிருந்து ஒரு மூலையையும், தேனீக்கள் தாங்களாகக் கட்டிய அடையிலிருந்து ஒரு துண்டையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள். கிளம்பும்போது அக்கா வாசலுக்கு வரவில்லை. அணைந்த அடுப்பின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் சோதனை அறை அடுப்பு சூடாகிவிட்டது. தேனீக்கள் தாங்களாகக் கட்டிய அடை: ஒரு சரிவு, ஒரு மலை, ஒரு பள்ளம். பாடப்புத்தகத்தில் போடலாம். அடுத்து தாள். முதல் உருக்கலை ஓடவிட்டு, ஆறவைத்து, இரண்டாவதற்காகக் காத்திருந்தாள். திமில் எழுந்தது. இது அக்காவின் மெழுகில் வந்த குட்டித் திமில் இல்லை. வளர்ந்த ஒட்டகம்.

அவள் சிரித்தேவிட்டாள். தனியறையில், தனியாக, கையால் வாயை மூடிக்கொண்டு. அக்கா இல்லை. அத்தான் இல்லை. தகட்டுக்காரர் கலந்திருக்கிறார். அந்தக் கொழுப்புதான் புழுக்களைக் கொன்றிருக்கிறது. ஓடிப்போய் மேலாளர் அம்மாவிடம் சொல்லலாம் என்று எழுந்தவள், திரையைத் திரும்பப் பார்த்தாள்.

முதல் திமிலின் இடது பக்கத்தில் ஒரு சின்ன நொடிப்பு இருந்தது. மாடிப்படியில் கால் தடுக்கினாற்போல. அந்த நொடிப்பை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள்.

சோதித்த ஒவ்வொரு மெழுகிலும் ஒரு துண்டைச் சீசாவில் போட்டுப் பத்திரப்படுத்துவது அந்த அறையின் வழக்கம். அலமாரியைத் திறந்து, போன வருஷத்து ஒட்டகத்தின் சீசாவை எடுத்தாள். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே மூடியில் பேனாவால் வரைந்த திமில் படம்கூட அழியாமல் இருந்தது. ஒரு துணுக்கை எடுத்து அடுப்பில் வைத்தாள். அந்தக் கோட்டையும் தாளின் கோட்டையும் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள்.

இரண்டு கோடு தெரியவில்லை. ஒரே கோடுதான் தெரிந்தது. நொடிப்பின் மேல் நொடிப்பு.

குளிரூட்டியின் முனகல் எங்கேயோ தூரத்தில் கேட்டது. சீசாவில் இருந்தது, சோதனையில் தேறாது என்று அவள் சிவப்பு முத்திரை குத்திய மெழுகு. அவள் கையால் குத்தியது.

கிடங்கைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் பூட்டு என்பார்கள். இடுப்பில் அத்தனை சாவி தொங்கும். தேறாத மெழுகு எங்கே போகும் என்று சின்னவள் கேட்டதும் அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் கிடங்குப் பக்கம் வந்ததே இல்லை.

"எங்க போகும்? வெளிய போகும். நீங்கதானேம்மா வெளியேத்தணும்னு சொல்றீங்க. தகட்டுக்காரர் வந்து அள்ளிட்டுப் போயிடுவார். நல்ல மனுஷன், ஒரு கேள்வி கேக்க மாட்டார்."

"அதுல சிவப்பு முத்திரை இருக்குமே."

"மெழுகுமேல குத்தின முத்திரைதானே. உருக்கினா அது எங்க இருக்கும்?" என்றார் பூட்டு. அவர் குரலில் கள்ளம் எதுவும் இல்லை. இடம் அடைக்கிற பொருளை அப்புறப்படுத்தியதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையே இருந்தது.

தேறியது உள்ளே, தேறாதது வெளியே. அந்தத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் மனப்பாடமான வாசகம் அது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சின்னவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வெளியே என்றால் அது இல்லாமல் போய்விடும் என்று நினைத்திருந்தாள். அது எங்கேயும் போய்விடவில்லை. சந்தைக்குப் பின்னால் போய், தாளாகி, அக்காவின் பெட்டிக்குள் நுழைந்து, தொட்டிலிலேயே புழுக்களைக் கொன்று, கொல்லையில் கொதித்து, கட்டியாகி, திரும்ப அவள் மேசைக்கே வந்திருக்கிறது.

மேலாளர் அம்மா கோடுகளை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நாம் விற்கவில்லையே, சும்மாதானே கொடுத்தோம் என்றார். தனக்கே அது பதிலாகப் படாமல் நாற்காலியில் சரிந்தார். பிறகு, உங்கள் அக்கா மெழுகை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்.

சின்னவளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல் இருந்தது. "தேறாதுன்னு எழுதப்போறேன். தேறலைதான். ஆனா கலந்தது அவங்க இல்ல, நாம. அவங்க பேரை அடிச்சா, நம்ம பேரையும் அடிக்கணும்."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அந்த அறை கேட்டதில்லை. உங்கள் அக்காவின் பெயரை அடிக்க மாட்டோம் என்றார் மேலாளர் அம்மா. தேனீக்கள் தாங்களாகக் கட்டிய அடையின் மெழுகை மட்டும் இனி அக்காவிடம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

கீழே வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சின்னவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பூட்டு கிடங்குக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். தகட்டுக்காரர், முழுக்கைச் சட்டையை மடித்துவிட்ட தடித்த மனிதர், அடுக்கிவைத்திருந்த சிவப்பு முத்திரைக் கட்டிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் மஞ்சள் கட்டிகளும் பக்கத்திலேயே இருந்தன. வண்டிக்குப் பின்னால், முடிவைக் கேட்க வந்தவளாக, கையில் பையோடு, அக்கா.

சின்னவள் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கே தெரியாது. போய்க் கட்டிகளின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குச் சண்டை போடத் தெரியாது, தெரிந்ததெல்லாம் இதுதான். தகட்டுக்காரர் திகைத்தார். பூட்டு சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு, என்னம்மா உடம்பு சரியில்லையா என்றார்.

அவள் சொன்னாள். திக்கித் திக்கி, யாருடைய முகத்தையும் பார்க்காமல், தாள், திமில், நொடிப்பு, புழு என்று எல்லாவற்றையும் சொன்னாள். தகட்டுக்காரர் முதலில் கோபப்பட்டார். மெழுகு தொழிற்சாலையிலிருந்து வருகிறது, தொழிற்சாலைப் பொருள் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், களிம்புக்கு ஆகாதது தாளுக்கு ஆகும் என்று நினைத்தேன் என்றார். பேசிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"போன வருஷம் எடுத்ததுல எல்லாருக்கும் தாள் அடிச்சுக் கொடுத்துட்டேனே" என்றார். "பெட்டி வச்சிருக்கிற அத்தனை பேருக்கும்."

அக்காதான் முதலில் அசைந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டியின் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டிய எடுங்க. யார் யாருக்குக் கொடுத்தீங்களோ, அத்தனை வீட்டுக்கும் போவோம். நோய்னு நினைச்சுப் பெட்டியோட கொளுத்தறதுக்கு முன்னாடி போகணும். நீ என்ன அங்கேயே அடை காக்கிற? வந்து ஏறு."

சின்னவள் எழுந்து போவதற்கு முன்னால் பூட்டிடம், தேறாத கட்டிகளில் கரித்தூளைக் கலந்து உருக்கிவிடச் சொன்னாள், இனிமேல் யாரும் அதைத் தேன்மெழுகு என்று நம்ப முடியாதபடிக்கு. அக்காவுடையதையுமா என்று அவர் கேட்டார். அக்காவுடையதையும் என்றாள். முன் இருக்கையிலிருந்த அக்காவுக்கு அது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி தெருவில் இறங்கியது. மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் காலில் மெழுகு சுட்ட இடம் சிவந்து, தோல் உரிந்திருப்பதைச் சின்னவள் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லு" என்றாள் அக்கா, ரோட்டைப் பார்த்தபடியே. "கோட்டைப் பாத்ததும் என்னைத்தானே நினைச்ச?"

பொய் சொல்ல ஒரு நாள் பழக்கம் போதவில்லை. "ஆமா."

அக்கா தலையை ஆட்டினாள். வண்டி இரண்டு தெரு தாண்டியது. பிறகு, தகட்டுக்காரருக்குக் கேட்காத குரலில், "நீ சொன்னதும் நான் உன் அத்தானைத்தான் நினைச்சேன். ராத்திரி ஒரே படுக்கைல படுத்துக்கிட்டு, எப்பக் கலந்திருப்பார்னு யோசிச்சிட்டே கிடந்தேன். அவருக்கு அது தெரியாது" என்றாள்.

சின்னவள் அவள் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொள்ளட்டும் என்று அக்கா விட்டாள்.

முதல் வீடு வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தலையில் வலையோடு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, தொய்ந்துபோன ஒரு சட்டத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதை அப்படியும் இப்படியும் திருப்பினாள். வண்டிச் சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். வலைக்குப் பின்னால் அவள் முகம் தெரியவில்லை.